உறைவிடப் பள்ளிச் சிறுவர்களை நினைவுகூர வில்லிசையும் ஓவியங்களும்: 20 நிமிட நிகழ்ச்சிக்கு யோசனை தேவை

தமிழ்மன்றம்_உயர்நிலை எழுதியது:

வணக்கம். சிங்கப்பூரில் உயர்நிலை 2, 3 மாணவர்கள் 14 பேரை வைத்து 20 நிமிட மேடை நிகழ்ச்சி ஒன்று தயாராகிறது. கனடாவில் பூர்வகுடிப் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து அடைத்துவைத்த உறைவிடப் பள்ளிகள்தான் பொருள். மையக் கதை சேனி வென்ஜாக்குடையது. 1966 அக்டோபரில், 12 வயதில், ஒண்டாரியோ மாநிலத்தின் கெனோராவிலிருந்த செசிலியா ஜெஃப்ரி பள்ளியை விட்டு ஓடி, 600 கிலோமீட்டர் தள்ளியிருந்த வீட்டுக்கு ரயில் பாதையோரமாக நடந்தே போகப் பார்த்து, வழியிலேயே குளிரில் இறந்துபோன சிறுவன். 2016ல் பாடகர் கோர்ட் டௌனி 10 பாடல்களாகவும், ஓவியர் ஜெஃப் லெமீர் வசனம் இல்லாத படக்கதையாகவும் இதைச் செய்த 'சீக்ரெட் பாத்' வழியாகத்தான் மாணவர்களுக்கு இந்தப் பெயர் அறிமுகம்.

கையில் இருப்பவை: ஒரு வில், உடுக்கை, குடம், ஜால்ரா, ஆர்மோனியம், பள்ளி மண்டபத்து புரொஜெக்டர், நன்றாக வரையக்கூடிய இரண்டு மாணவிகள். பார்வையாளர்கள் சுமார் 120 பேர், பாதிப்பேர் பெற்றோர்.

தெரிய வேண்டியவை: வில்லுப்பாட்டு இந்தக் கதைக்கு ஒத்துவருமா, அல்லது ஒப்பாரியாகவே செய்துவிடலாமா? எத்தனை ஓவியங்கள் வேண்டும்? அந்த ஆங்கிலப் பாடல்களைத் தமிழாக்கிப் பாடலாமா? ஒரு மாணவரைச் சேனியாக நடிக்க வைக்கலாமா? எதைச் செய்தால் தவறாகப் போகும் என்பதையும் தயவுசெய்து சொல்லுங்கள்.

வில்லடி எழுதியது:

ஒத்துவரும். நாஞ்சில் நாட்டிலும் நெல்லைப் பக்கத்திலும் கோயில் கொடைத் திருவிழாக்களில் பாடப்படும் வில்லுப்பாட்டுக் கதைகளில் பெரும்பகுதி, வயதுக்கு முன்பே அநியாயமாகச் செத்தவர்களின் கதைகள்தான். அந்த மரபில் பாட்டுக்காரர் வேடம் கட்டுவதில்லை. நடந்ததைச் சொல்பவராகவே வில்லுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பார். உங்கள் நடிப்புக் கேள்விக்கும் இதிலேயே பதில் இருக்கிறது: யாரையும் சேனியாக்க வேண்டாம்.

ஆனால் மரபிலிருந்து இரண்டை வெட்டிவிட வேண்டும். கொடைக் கதைகளில் செத்தவர் கடைசியில் தெய்வமாகி வரம் கொடுப்பார். பிள்ளைகளுக்கு இந்த அமைப்பு பழக்கம் என்பதால், எழுதும்போது தன்னையறியாமல் 'நட்சத்திரமானான், காவல் நிற்கிறான்' என்று முடித்துவிடுவார்கள். அங்கே கையெழுத்துப் பிரதியிலேயே கோடு போடுங்கள். இன்னொன்று பின்பாட்டுக்காரரின் 'ஆமா' போடுதலும் அதோடு வரும் நக்கலும். முதல் நான்கு நிமிடம் வரை 'ஆமா' இருக்கலாம், பெற்றோர் கூட்டத்தை உள்ளே இழுக்க அது உதவும். பிள்ளைகளைக் கூட்டிப்போகும் பகுதி தொடங்கியதும் நிறுத்திவிட வேண்டும். நிறுத்தியது கூட்டத்துக்கே உறைக்கும், விளக்கம் தேவையில்லை.

முழு நேரத்துக்கும் ஒப்பாரி வேண்டாம். ஒப்பாரி, செத்தவரைத் தெரிந்தவர்கள் பாடுவது. 'நான் பெத்த மகனே' என்று 14 வயதுப் பிள்ளை சிங்கப்பூர் மேடையில் பாடினால் அந்த அழுகை யாருடையது என்ற கேள்வி வரும். சோக ராகமான முகாரியும் அதே காரணத்துக்காக வேண்டாம், முதல் சுரத்திலேயே அழச்சொல்லிவிடும். வீட்டு நினைவு வரும் இடத்தில் நீலாம்பரி ராகத்தில் சொல் இல்லாத தாலாட்டு முனகல் 40 விநாடி, அதற்கு மேல் நீட்டாதீர்கள்.

தாளம். நடையைக் காட்ட பலரும் மும்மூன்றாக விழும் திஸ்ர நடையைப் பிடிப்பார்கள், அது கும்மியாகிவிடும், கூட்டம் கை தட்டும். ஐந்து எண்ணிக்கைத் தாளமான கண்டசாபு எடுங்கள். தக தகிட என்று இரண்டும் மூன்றுமாக விழும்போது ஒரு கால் தாமதிப்பது போன்ற நொண்டல் தானாக வருகிறது. ஐந்து எண்ணிக்கையின் ஒரு சுற்று நான்கு விநாடியில் முடியும் அளவு மெதுவாகத் தொடங்குங்கள். ஒவ்வொரு சரணத்துக்கும் வேகத்தைக் கூட்டாமல் குறைத்துக்கொண்டு வரவேண்டும். மாணவர்கள் பதற்றத்தில் ஓடுவார்கள். குடக்காரர் காதில் மட்டும் மெட்ரோனோம் போட்டு, மற்றவர்கள் அவரைப் பார்த்துப் பாடட்டும். கடைசிச் சரணத்தில் குடத்தை நிறுத்திவிட்டு ஜால்ரா மட்டும்.

மெட்டுக்கு ஒரு மாதிரி, வேண்டுமென்றால் எடுத்துக்கொள்ளுங்கள்:

தண்டவாளம் ரெண்டு நீளும் – அதைத்
தாண்டி எங்கும் மரம் நீளும்
அண்டையிலே வீடு இல்லை – போக
வேண்டியதோ முந்நூறு கல்லுக்கு மேலே

கடைசி அடி வேண்டுமென்றே நீளம். மூச்சு முட்டும், முட்டட்டும்.

கருவி விஷயம். வில்லில் கட்டிய மணிகள் நடைப் பகுதியில் திருவிழாச் சத்தம் போடும். பகுதி தொடங்குமுன் ஒருவர் மணிகள் மேல் துணிப்பட்டை சுற்றிவிட வேண்டும். 10 விநாடி வேலைதான், ஆனால் ஒத்திகையிலேயே பழக்காவிட்டால் மேடையில் மறந்துபோகும். உடுக்கையின் தோல் குளிர்சாதன மண்டபத்தில் இறுகிச் சுருதி ஏறும், வெளி ஈரத்தில் தளர்ந்து இறங்கும். ஒரு மணி நேரம் முன்பே மண்டபத்துக்குள் வைத்துவிட்டுப் பிறகு சரிபாருங்கள்.

மைக்கூடு எழுதியது:

ஓவியம் பற்றி மட்டும்.

20 நிமிடத்துக்கு 24 முதல் 28 படங்கள். ஆனால் சமமாகப் பிரிக்காதீர்கள். பள்ளிப் பகுதியில் படங்கள் வேகமாக மாறலாம்: கத்தரித்த முடி, வரிசைக் கட்டில்கள், துணியில் தைத்த எண், ஒவ்வொன்றும் 15, 20 விநாடி. நடைப் பகுதி ஆறு நிமிடம் என்றால் ஐந்தே படம். ஒரே படத்தை ஒரு நிமிடத்துக்கு மேல் பார்க்க வைத்தால்தான் தொலைவு உறைக்கும். மாணவிகள் இந்த ஐந்தில் அதிக உழைப்பைப் போடட்டும். மரம், பாறை, பாதை என்று கண் அலைய இடமுள்ள படங்களாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் 20 விநாடியில் கூட்டம் கைப்பேசியை எடுக்கும்.

பாட்டும் படமும் ஒரே சமயத்தில் ஒன்றையே சொல்வதுதான் இந்த மாதிரி நிகழ்ச்சிகளைக் கெடுப்பது. 'கண்ணாடிப் புட்டியில் ஏழு தீக்குச்சி' என்று பாடும்போது திரையில் புட்டி தெரிந்தால் அது பாடநூல் படம். பாடும்போது திரையில் காலியான பாதை இருக்கட்டும். நாலு சரணம் கழித்து, பாட்டு நின்று குடம் மட்டும் ஒலிக்கிறபோது புட்டி வரட்டும். அப்போது பார்ப்பவர் தானே எண்ணுவார். கையெழுத்துப் பிரதியை இரண்டு பத்தியாக எழுதி, இடப்பக்கம் பாட்டு, வலப்பக்கம் படம் என்று வைத்து, இரண்டிலும் ஒரே பெயர்ச்சொல் வருகிற வரிகளையெல்லாம் அடித்து மாற்றுங்கள்.

நிறம்: லெமீரின் நீலக் கழுவலை (நீர்த்த வண்ணப் பூச்சை) பின்பற்றாதீர்கள். நிகழ்காலத்துக்கு நீலம், வீட்டு நினைவுக்கு வண்ணம் என்பது அவர் அமைத்துக்கொண்ட முறை. கறுப்பு இந்தியன் மையும் நீர்த்த சாம்பலும் போதும். நாலு அளவு நீர்ப்பு: மை ஒரு பங்குக்கு நீர் 2, 6, 12, 24 பங்கு என்று நான்கு மூடிப் போத்தலில் முன்பே கலந்து வைத்தால் இரண்டு மாணவிகள் வரைந்தாலும் சாம்பல் ஒன்றுபோல இருக்கும். தனித்தனியாகத் தட்டில் கலந்தால் 26 படமும் 26 விதமாக வரும்.

தாள்: 300 ஜிஎஸ்எம் நீர்வண்ணத் தாள், ஏ3. அதற்குள் 40க்கு 22.5 செண்டிமீட்டர் சட்டம் போட்டு வரைந்தால் திரையின் 16:9 விகிதத்துக்கு வெட்டாமல் பொருந்தும். பிராஸ் பாசா கட்டடத்து ஓவியக் கடைகளில் தனித்தாளாகவும் கிடைக்கும், ஆனால் கட்டாக வாங்கினால் தாளின் வெண்மை மாறாது. நம் ஊர் ஈரத்தில் கழுவல் காய நேரம் எடுக்கும். அவசரப்பட்டு இரண்டாம் கழுவலை ஏற்றினால் விளிம்பில் காலிஃபிளவர் பூத்த மாதிரி கறை விழும். மின்விசிறி காற்றில் வையுங்கள், புறங்கையால் தொட்டால் தாள் குளிர்ச்சியாக இருக்கும்வரை காயவில்லை என்று அர்த்தம். காய்ந்ததும் இரவு முழுக்கப் பாரமான புத்தகங்களுக்கு அடியில் வைக்க வேண்டும். நெளிந்த தாளை ஸ்கேன் செய்தால் நெளிவு நிழலாகப் பதியும். 300 டிபிஐ போதும்.

புரொஜெக்டரில் மெல்லிய சாம்பல் காணாமல் போகும். 24 பங்கு நீர்ப்பில் வரைந்த வானம் திரையில் வெறும் வெள்ளை. முதல் மூன்று படம் முடிந்ததுமே மண்டபத்துக்குக் கொண்டுபோய்ப் போட்டுப் பார்த்துவிட்டு மீதியை வரையட்டும். கடைசி வரிசையிலிருந்து பார்க்க, படத்தின் முக்கியக் கோடுகள் தாளில் ஒரு மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது.

முகத்தை நெருக்கத்தில் வரைய வேண்டாம். முதுகு, கை, ஈரமான செருப்படி, தூரத்து உருவம். உண்மையாக வாழ்ந்த ஒரு பிள்ளை, அவனுடைய சகோதரிகள் இதைப் பற்றிப் பொதுவில் பேசிவருபவர்கள். கற்பனை முகம் ஒன்றை வைத்து அழ வைப்பது நியாயமில்லை. இறந்த உடலும் வேண்டாம். பாதையில் ஆள் இல்லாத படம் போதும்.

ஆவணப்பெட்டி எழுதியது:

மைக்கூடு சொன்னதில் ஒரு திருத்தம், செருப்படி வேண்டாம். அந்தக் காலநிலையில் செருப்பு கிடையாது, மூடிய காலணிதான் வரையவேண்டும். இந்த மாதிரி சின்ன விஷயங்களில்தான் கதை நம் ஊர்க் கதையாக நழுவும்.

உறுதியாகத் தெரிந்தவற்றை மட்டும் வைத்துப் பாட்டெழுதுங்கள், அதுவே போதுமான அளவு இருக்கிறது. 1966 அக்டோபர் 16, ஞாயிறு. சேனியும் அண்ணன் தம்பியான இரண்டு நண்பர்களும் ஓடினார்கள். அன்றைக்கே இன்னும் ஒன்பது பிள்ளைகள் ஓடி, ஒரு நாளுக்குள் பிடிபட்டார்கள். மூவரும் போனது அந்த நண்பர்களின் மாமா வீட்டுக்கு. அங்கிருந்து சேனி தனியாகக் கிளம்பினான். உடம்பில் மெல்லிய காற்றுத்தடுப்புச் சட்டை, கையில் சிறிய கண்ணாடிப் புட்டிக்குள் ஏழு தீக்குச்சி. உறைநிலைக்குக் கீழே இறங்கிய குளிர், பனிச்சாரல். அக்டோபர் 23 அன்று தண்டவாளத்தருகே உடல் கிடைத்தது. மறுமாதம் கெனோராவில் மரண விசாரணை நடந்தது, பூர்வகுடிப் பிள்ளைகளுக்கான கல்வி முறையே மனப் பாதிப்புகளை உண்டாக்குகிறது என்று நடுவர் குழு சொன்னது. 1967 பிப்ரவரியில் கனடாவின் மக்லீன்ஸ் இதழ் வெளியிட்ட கட்டுரைதான் விஷயத்தை நாடறியச் செய்தது. அதில் அவன் பெயர் சார்லி. அது பள்ளி ஆசிரியர்கள் வைத்துக் கூப்பிட்ட பெயர், உங்கள் பாட்டில் வரக்கூடாது. பெயரை எப்படி உச்சரிப்பது என்பதை அவன் சகோதரி பேர்ல் அச்னீபினெஸ்கம் பேசும் காணொளிகளிலிருந்து பிள்ளைகள் நேரடியாகக் கேட்டுப் பழகட்டும்.

தனியாக நடந்த அந்த மணிநேரங்களை யாரும் பார்க்கவில்லை. ஆகவே 'அம்மா என்றான், வானத்தைப் பார்த்துக் கேட்டான்' போன்ற வரிகள் வேண்டாம். வில்லடி சொன்ன கதைசொல்லி முறை இதற்குத்தான் உதவும்: 'என்ன நினைத்தானோ, நாம் அறியோம்' என்று பாட்டுக்காரர் சொல்லலாம். டௌனி தன் பாடல்களில் அவன் மனதுக்குள் போனார். பெரிய கலைஞர், அவன் குடும்பத்தைத் தேடிப்போய்ச் சந்தித்தவர். பள்ளி மேடைக்கு அந்தத் துணிவு தேவையில்லை. அந்தப் பாடல்களைத் தமிழாக்குவதற்கும் உரிமையாளரிடம் அனுமதி வாங்க வேண்டும், தழுவலும் உரிமைக்குள் வருவதே. படங்களைத் திரையில் போடுவதும் அப்படித்தான். சொந்தமாக எழுதி, சொந்தமாக வரைந்தால் இந்தத் தலைவலி எதுவும் இல்லை. நடந்த உண்மைகளுக்கு யாரும் உரிமம் கேட்கப்போவதில்லை.

மாணவிகளுக்கு முன்கூட்டியே சொல்ல வேண்டியது: இணையத்தில் 'செவ்விந்தியர்' என்று தேடி வருவதை வரையாதீர்கள். குலமரத் தூண்கள் பசிபிக் கரை மக்களுடையவை, பெரிய இறகுக் கிரீடம் சமவெளி மக்களுடையது. சேனி அனிஷினாபே என்ற பூர்வகுடியைச் சேர்ந்தவன். வீடு ஆல்பனி ஆற்றங்கரையில் ஒகோகி போஸ்ட், மார்ட்டன் ஃபால்ஸ் மக்களின் ஊர். நிலம் மலைநாடு இல்லை. தட்டையான பழம்பாறை, ஏரி, சதுப்பு, ஊசியிலை மரங்கள், இடையிடையே வெள்ளைத் தண்டுள்ள பிர்ச். பாறையை வெட்டிப் போட்ட ஒற்றை ரயில் பாதை. அக்டோபரில் தரை முழுக்க வெண்பனியாக இருக்காது, ஈரமும் திட்டுத் திட்டான பனியுமாக இருக்கும்.

ஆரஞ்சுச் சட்டை பற்றியும் சொல்லிவிடுகிறேன், இந்தக் குழப்பம் எப்போதும் வரும். அது இன்னொரு பிள்ளையின் கதை. 1973ல் பிரிட்டிஷ் கொலம்பியாவில், ஆறு வயது ஃபிலிஸ் வெப்ஸ்டாட்டுக்குப் பாட்டி வாங்கிக்கொடுத்த புதுச் சட்டையைப் பள்ளியில் முதல் நாளே கழற்றி எடுத்துக்கொண்டார்கள். அதை வைத்து 2013ல் ஆரஞ்சுச் சட்டை தினம் தொடங்கியது. செப்டம்பர் 30 என்ற நாள், பிள்ளைகளை அள்ளிக்கொண்டு போகும் பருவம் என்பதால். 2021 முதல் அதே நாள் கனடாவில் உண்மைக்கும் நல்லிணக்கத்துக்குமான தேசிய நாள். பாடும் மாணவர்கள் ஆரஞ்சு அணியலாம். ஓவியத்தில் சேனிக்கு ஆரஞ்சுச் சட்டை போட்டுவிடாதீர்கள்.

கடைசி மூன்று நிமிடத்தை மற்றப் பிள்ளைகளுக்கு ஒதுக்குங்கள். 1,50,000க்கு மேற்பட்ட பிள்ளைகள் இந்தப் பள்ளிகளில் வைக்கப்பட்டார்கள். இந்தப் பள்ளிகளை விசாரித்த உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் 2015ல் அறிக்கை தந்தபோது சுமார் 3,200 இறப்புகளைக் கணக்கில் சேர்த்திருந்தது. அவற்றில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இறப்புகளில் பிள்ளையின் பெயரைக்கூட அரசோ பள்ளியோ எழுதிவைக்கவில்லை. ஏறத்தாழ பாதியில் சாவுக்கான காரணம் பதிவாகவில்லை. மனிடோபா பல்கலைக்கழகத்தில் உள்ள உண்மைக்கும் நல்லிணக்கத்துக்குமான தேசிய மையத்தின் நினைவுப் பதிவேட்டில் இப்போது 4,100க்கு மேற்பட்ட பெயர்கள். அந்தப் பெயர்களை எடுத்து வாசிக்கலாமா என்று கேட்பீர்கள். வேண்டாம் என்பேன். உச்சரிப்பும் தெரியாமல், குடும்பமும் தெரியாமல், ஒலிக்காகப் பத்துப் பெயரைப் பொறுக்குவது சரியில்லை. பதிலாக, எல்லோரும் கண்டசாபுவில் தாளம் மட்டும் போடுங்கள். சரணம் வரவேண்டிய இடம் சொல்லில்லாமல் கடக்கட்டும். திரையில் பதிவேட்டுக் கோடுகள் மட்டும், பெயர்க் கட்டம் காலி.

தமிழ்மன்றம்_உயர்நிலை எழுதியது:

மிக்க நன்றி, எல்லோருக்கும். இரண்டு சிக்கல் மட்டும் மிச்சம். ஆண்பிள்ளைகள் ஐந்து பேருக்குக் குரல் உடைந்துகொண்டிருக்கிறது. பெண்பிள்ளைகள் 5 கட்டைக்கு மேல் வசதியாகப் பாடுகிறார்கள். ஒரே சுருதி எது? அடுத்து, பெற்றோரில் பலர் 'உறைவிடப் பள்ளி' என்றதும் நல்ல விடுதிப் பள்ளி என்று நினைத்துக்கொள்வார்கள். கட்டாயம் என்பதைப் பிரசங்கம் செய்யாமல் எப்படிச் சொல்வது?

வில்லடி எழுதியது:

சுருதி 4 கட்டை. பெண்பிள்ளைகள் வழக்கமான இடத்தில், ஆண்பிள்ளைகள் ஒரு ஸ்தாயி கீழே. உடைகிற குரலுக்கு மேல் பஞ்சமத்தைத் தாண்டி எதையும் கொடுக்காதீர்கள், அங்கேதான் கீச்சிட்டு வகுப்பே சிரிக்கும். நடைப் பாட்டை மொத்தம் ஆறு சுரத்துக்குள் முடித்துவிடுங்கள். சுருதிப் பெட்டி மெல்ல ஓடட்டும், ஆர்மோனியம் தாலாட்டுக்கு மட்டும். ஐவரில் இருவரைப் பாட்டிலிருந்து எடுத்துக் குடத்துக்கும் உடுக்கைக்கும் போட்டாலே பாதிப் பிரச்சினை போகும். வில்லுக்குப் பின்னால் ஏழு பேருக்கு மேல் உட்கார இடமும் இருக்காது. மீதிப்பேர் படம் மாற்றுபவர், பிரதி பிடிப்பவர், மணிக்குத் துணி சுற்றுபவர், பக்கவாட்டில் நிற்கும் பின்பாட்டு என்று பிரியட்டும்.

கட்டாயத்தை வசனத்தில் வைக்க வேண்டாம், 'ஆமா'வில் வையுங்கள். 'ஊருக்குள்ளே பள்ளிக்கூடம் இல்லையா?' 'அனுப்ப மாட்டேன்னு சொன்னா?' என்று பின்பாட்டுக்காரர் வெகுளியாகக் கேட்க, முன்பாட்டுக்காரர் சட்டத்தை ஒரே வரியில் சொல்லட்டும். அந்த வரிக்கு 'ஆமா' வரக்கூடாது. முதலில் சொன்னேனே, நிறுத்தவேண்டிய இடம் என்று, அது இதுதான். என்ன சட்டம் என்பதை ஆவணப்பெட்டி சொல்லட்டும்.

ஆவணப்பெட்டி எழுதியது:

1920ல், கனடாவின் பூர்வகுடியினரை ஆண்ட 'இந்தியர் சட்டத்தை'த் திருத்தி 7 முதல் 15 வயது வரையான பூர்வகுடிப் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புவதைக் கட்டாயமாக்கினார்கள், மறுத்த பெற்றோர் தண்டனைக்கு உள்ளாகலாம். பல ஊர்களில் உறைவிடப் பள்ளியைத் தவிர வேறு பள்ளியே இல்லை. பாட்டுக்கு ஒரு வரி: 'ஏழு வயசானா எடுத்துட்டுப் போகச் சட்டம் உண்டு.' பணம் அரசுடையது, நடத்தியவை பெரும்பாலும் திருச்சபைகள். செசிலியா ஜெஃப்ரி பிரஸ்பிட்டேரியன் சபையுடையது. சொல்லும்போது சபையின் பெயரோடு நிறுத்திக்கொள்ளுங்கள், மதத்தைக் குத்தும் வரி வேண்டாம். உங்கள் பார்வையாளர்களில் கிறிஸ்துவப் பெற்றோர் இருப்பார்கள், தவிர அங்கே இன்றைக்கும் பூர்வகுடியினரில் பலர் கிறிஸ்துவர்களே.

மேடைமூலை எழுதியது:

தொழில்நுட்பப் பக்கம் யாரும் தொடவில்லை.

படங்களைப் பவர்பாயிண்டில் தமிழ் எழுத்தோடு வைக்காதீர்கள். மண்டபத்து மடிக்கணினியில் உங்கள் எழுத்துரு இல்லாவிட்டால் கொம்பும் புள்ளியும் இடம் மாறி, கட்டம் கட்டமாக வரும். எழுத்து உள்ள ஒவ்வொரு பக்கத்தையும் 1920க்கு 1080 அளவில் படமாகவே சேமித்துப் பிறகு அடுக்குங்கள். பாட்டு வரிகளைத் திரையில் ஓட்டவே வேண்டாம் என்பது என் கருத்து. கூட்டம் வாசிக்கத் தொடங்கினால் படத்தைப் பார்க்காது. தமிழ் தெரியாத விருந்தினர் இருந்தால் ஒரு பக்கத் தாளில் கதைச் சுருக்கம் அச்சடித்துக் கொடுத்துவிடலாம்.

தானியங்கி நேரம் வைத்துப் படம் மாற்றாதீர்கள். மெதுவாகிக்கொண்டே வரும் பாட்டு இது, இரண்டாம் சரணத்திலேயே படம் முந்திவிடும். ஒரு மாணவர் கையில் பிரதி, மாற்ற வேண்டிய சொல்லுக்கு மேல் சிவப்புக் கோடு, சொல் முடிந்த பிறகு அழுத்த வேண்டும். ஒரு படம் மங்கி அடுத்தது வர 3 விநாடி. முதலிலும் கடைசியிலும் முழுக் கறுப்புப் படம் ஒன்று வையுங்கள், இல்லாவிட்டால் கடைசிச் சொடுக்கில் மேசைத்திரையும் யாரோ ஒருவருடைய கோப்புகளும் 120 பேருக்குத் தெரியும்.

வில் 10 அடி நீளம். திரைக்கு நேர் முன்னால் வைத்தால் கீழ்க்கால்வாசிப் படம் மறையும். பார்வையாளருக்கு இடப்பக்கமாகச் சாய்த்து வையுங்கள், வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து மட்டும். மேடை முன்விளக்கு எரிந்தால் மைக்கூடு பயந்த சாம்பல் நிச்சயமாகக் காணாமல் போகும்.

மைக்: முன்பாட்டுக்கு ஒன்று, பின்பாட்டு இருவருக்கு ஒன்று. குடத்துக்கு ஒன்று வேண்டுமென்றால் வாயிலிருந்து ஒரு அடி தள்ளி, பக்கவாட்டில். நேராக வைத்தால் ஒவ்வொரு அடிக்கும் மண்டபம் அதிரும். பாடும் மைக்குகளில் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடுங்கள், குடத்தின் ஒலி அவற்றுக்குள் புகுவது குறையும். சொல்லில்லாத சரணத்தின்போது ஒலிப்பெட்டிக்காரர் ஏதோ கோளாறு என்று நினைத்து எல்லா மைக்கையும் ஏற்றுவார், இது நடந்தே தீரும். அவரிடம் பிரதியின் நகல் ஒன்று இருக்க வேண்டும்.

ஆவணப்பெட்டி எழுதியது:

நாள் குறித்தாகிவிட்டதா தெரியவில்லை. செப்டம்பர் 30 நம் பள்ளிகளில் ஆண்டிறுதித் தேர்வு நேரம், ஒத்திகைக்குப் பிள்ளைகள் கிடைக்கமாட்டார்கள். ஏப்ரல் தமிழ்மொழி விழாவில் செய்தால் மண்டபம் நிறையும். தேதிப் பொருத்தம் வேண்டுமென்றால் டௌனி-வென்ஜாக் அறக்கட்டளை அனுசரிக்கும் அக்டோபர் 17 முதல் 22 வரையிலான வாரம் இருக்கிறது, தேர்வு முடிந்த வகுப்புகளுக்குச் சரிப்படும். குழந்தைகள் தினக் கொண்டாட்டத்தோடு மட்டும் சேர்த்துவிடாதீர்கள். அந்த அறக்கட்டளை ஆசிரியர்களுக்கான பாடப்பொருள்களை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது, ஒத்திகைக்கு முன் ஒரு வகுப்பு நேரம் அதற்கு ஒதுக்கலாம்.

பெற்றோருக்கு அனுப்பும் அழைப்பிலேயே, ஒரு பிள்ளை இறப்பது பற்றிய நிகழ்ச்சி, தொடக்கநிலைத் தம்பி தங்கைகளைக் கூட்டிவருவதை யோசித்து முடிவெடுங்கள் என்று எழுதிவிடுங்கள். முடிந்தவுடன் பரிசளிப்பு, குழுப்படம் எதுவும் அடுத்து வரக்கூடாது. நிகழ்ச்சி நிரலில் இதற்குப் பின் இடைவேளை விழும்படி கேட்டு வாங்குங்கள்.

மைக்கூடு எழுதியது:

செருப்பு விஷயம் சரி, காலணிதான். இன்னொன்று, புட்டியின் மூடி திருகுமூடி. கார்க் அடைப்பான் வரைந்துவிடப் போகிறார்கள்.